ஷவர் கதவின் அடியில் நாலு துளை

சொந்த வீட்டில் ஒரு பெண் குளிக்கக் கூடாது என்றால் அதற்கு வீடு என்று பெயர் எதற்கு? மார்லிஸ் டோலெஃப்சன் இந்தக் கேள்வியை இரண்டு குளிர்காலமாக மனதுக்குள் கேட்டுக்கொண்டேதான் தோளில் துண்டும் கையில் சோப்புப் பையுமாகச் சரளைக்கல் பாதையில் நடந்தாள். அரிசோனா பாலைவனத்து ஜனவரிக் காலை, மூக்கு நுனி விறைத்துப்போகும். ஜனங்கள் வீடாகவே குடியிருக்கும் பெரிய வண்டிகள் நிற்கும் வரிசை முழுவதையும் தாண்டி, முகாம் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிற பொதுக் குளியலறைக்குப் போய், யாரோ குளித்துவிட்டுப் போன ஈரத்தில் கால் வைத்து, யாரோ விட்டுப்போன முடியைக் காலால் ஒதுக்கிவிட்டுக் குளிக்க வேண்டும். அறுபத்தாறு வயதில் இது தேவையா?

அவள் வண்டியில் குளியலறை இல்லையா என்றால், இருக்கிறது. நல்ல கண்ணாடிக் கதவு போட்ட ஷவர். அதில் அவள் கணவன் டுவெய்ன் தினமும் காலையில் ராஜாவாட்டம் குளிக்கிறான். அவளுக்குத்தான் தடை.

காரணம் தரை. ஷவர் கதவுக்கு வெளியே, கால் துடைக்கும் விரிப்புக்கு அடியில், பலகை ஊறிப்போய் அமுங்க ஆரம்பித்திருந்தது. வண்டிவீட்டில் குடியிருப்பவனுக்குத் தரை அமுங்கினால் வீடே அமுங்கின மாதிரி. மினசோட்டாவில் வீட்டை விற்று இதில் போட்டவர்களுக்கு இதை விட்டால் வேறு கூரை கிடையாது. டுவெய்ன் விரலால் அமுக்கிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், தீர்ப்புச் சொன்னான்.

"நீ குளிக்கிற லட்சணம்தான்."

"நான் என்ன ஆத்துலயா குளிக்கிறேன்? கதவை மூடிக்கிட்டுத்தானே குளிக்கிறேன்?"

"மூடுற லட்சணமும் அப்படித்தான்."

வாய்ப்பேச்சோடு விட்டானா? பரீட்சை வேறு வைத்தான். கதவுக்கு வெளியே தரையில் காகிதத் துண்டு விரித்து, தான் குளித்துக் காட்டினான். காகிதம் காய்ந்தே கிடந்தது. அடுத்து அவளைக் குளிக்கச் சொன்னான். தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தபோது காகிதம் தொப்பலாக நனைந்திருந்தது. "பாத்தியா?" என்றான். அதற்கு மேல் அவள் என்ன சொல்ல முடியும்? கண்ணால் கண்டதை மறுக்கவா?

டுவெய்ன் இரண்டு வருடம் கப்பற்படையில் இருந்தவன். நாற்பத்தைந்து வருடம் கழித்தும் அந்தக் கப்பல் அவனை விட்டு இறங்கவில்லை. உடம்பை நனை, குழாயை மூடு, சோப்புப் போடு, குழாயைத் திற, கழுவு, முடிந்தது. காக்கைக் குளியல். "இது ஒழுங்கு தெரிஞ்சவங்களுக்கு இருக்கிற குளியலறை. உனக்கு ஏரிதான் சரிப்படும்," என்றான்.

அதை வீட்டுக்குள் சொன்னால்கூடப் போகட்டும். சாயங்காலம் நாலு மணி ஆனால் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லாரும் வட்டமாக உட்காருவது, குளிருக்குப் பயந்து வடக்கேயிருந்து வண்டியோடு இறங்கி வருகிற எங்கள் கூட்டத்தின் வழக்கம். பீரோ காபியோ கையில் இருக்கும், நடுவில் ஒரு மேஜையில் பிஸ்கட்டும் பாலாடைக்கட்டியும் மான்கறி சாஸேஜும். எவன் வண்டியில் எது ஒழுகுகிறது என்பதுதான் அங்கே பேச்சு. எங்கள் ஆண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஜெபம் தவறினாலும் தவறும், வண்டிமேல் ஏறி, ஓட்டையை அடைக்கும் சிலிகான் பசையைப் பூசுவது தவறாது. அந்த வட்டத்தில் டுவெய்ன்தான் குரு. அவன் சொன்னால் அது வேதம். அங்கே உட்கார்ந்துகொண்டு அவன் தன் மனைவியை ஏரி என்றான். அன்றிலிருந்து எல்லாருக்கும் அவள் ஏரிதான். "என்ன ஏரி, இன்னிக்கு நீர்மட்டம் எப்படி?" என்று அயோவாக்காரன் ஒருவன் தினமும் கேட்பான், தினமும் சிரிப்பான்.

போன வருடம் அவள் பிறந்தநாளுக்கு அந்த வட்டத்தில் ஒரு பரிசு கொடுத்தார்கள். பிரித்தால் மணல் கடிகாரம். குளியலறையில் மாட்டிக்கொள்ளவாம், மணல் தீர்ந்தால் குழாயை மூட வேண்டுமாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் பக்கத்து வண்டி ஆர்டிஸ். மார்லிஸும் சிரித்து வைத்தாள். உள்ளே போய்ச் சிங்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அழுகைக்குக்கூடத் தண்ணீரை வீணாக்குகிறாள் என்று அவன் சொல்லியிருப்பான், நல்லவேளை பார்க்கவில்லை.

ஆர்டிஸையும் பொதுக் குளியலறை வாசலில் அடிக்கடி பார்ப்பாள். "இங்க தண்ணி நல்லாக் கொதிக்கக் கொதிக்க வருது, அதான் வந்தேன்," என்பாள் ஆர்டிஸ். "ஆமா, எனக்கும் இதுதான் பிடிக்குது," என்பாள் மார்லிஸ். மானம் இருக்கிறதே.

இந்த வருடம் ஸ்லைடு ஒழுகியது. பொத்தானை அழுத்தினால் வண்டியின் பக்கவாட்டிலிருந்து வெளியே நீளுகிற அறைப் பகுதியைத்தான் ஸ்லைடு என்பது. சோபா இருப்பது அதில்தான். அதைச் சுற்றி நாலு பக்கமும் ரப்பர் பட்டை உண்டு. பாலைவன வெயில் அந்த ரப்பரை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. கிறிஸ்துமஸ் கழிந்து பெய்த மழையில் சோபா முதுகு நனைந்தது. இதற்கு அவளைக் குறை சொல்ல வழியில்லாமல் போனது டுவெய்னுக்கு வருத்தமாகவே இருந்திருக்கும். புதுப் பட்டைகளுக்குச் சொல்லி அனுப்பினான். அந்தப் பொட்டலத்திலேயே ஷவர் கதவின் அடிப்பட்டையும் ஒன்று வந்தது.

வேலை நாள் அன்று வட்டம் காலையிலேயே கூடிவிட்டது. ஒருவன் ஸ்லைடுக்குப் பட்டை மாற்றுகிறான் என்றால் பத்துப் பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள், யோசனையும் சொல்வார்கள். ஆர்டிஸின் கணவன் வெண்டெல் ஏணியைப் பிடித்தான். டுவெய்ன் பழைய ரப்பரை உரித்தான். அது கருவாடாட்டம் காய்ந்து துண்டு துண்டாக வந்தது. பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புதுப் பட்டையை அங்குலம் அங்குலமாக அழுத்தி ஒட்டினான். உள்ளதைச் சொல்ல வேண்டும், கை வேலை சுத்தம். அதனால்தான் ஊர் அவனை நம்பியது.

"மார்லிஸ்! உள்ளே இழு!" என்று வெளியிலிருந்து கத்துவான். அவள் பொத்தானை அழுத்துவாள். "போதும்! வெளிய தள்ளு! பட்டையோட நாக்கு வெளிப்பக்கமா மடங்குதா பாக்கணும்! நிறுத்து! நிறுத்துன்னா நிறுத்தணும், ஏரி!"

வெளியே சிரிப்பு.

ஒரு வழியாகப் பொத்தான் வேலை முடிந்தது. அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "அந்த ஷவர் பட்டையை நீயே மாட்டிரு. பழசை உருவிட்டுப் புதுசைச் சொருகணும், அவ்வளவுதான். உனக்கே வரும்."

உனக்கே வருமாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குளியலறைக்குள் போய் மண்டியிட்டாள்.

கண்ணாடிக் கதவின் அடியில் தொங்கிய பிளாஸ்டிக் பட்டை மஞ்சளாகி, ஓரம் சுருண்டு, பாதி கிழிந்திருந்தது. உருவிப் போட்டாள். கதவுக்கு நிலைப்படி மாதிரி கீழே ஒரு அலுமினியச் சட்டம். அதில் இரண்டு வருட அழுக்கு. இதன்மேல் புதுப் பட்டையை மாட்டினால் பார்க்கவே சகிக்காது என்று சுரண்ட ஆரம்பித்தாள். சட்டத்தின் உள்பக்கம், தண்ணீர் விழும் பக்கம், அடியோடு அடியாக நீளவாக்கில் ஒரு வெள்ளைப் பூச்சு. சிலிகான். அதில் நாலு இடத்தில் மட்டும் லேசான பள்ளம்.

தையல் பெட்டியிலிருந்து கொக்கி ஊசியை எடுத்துவந்து ஒரு பள்ளத்தில் குத்தி நெம்பினாள். மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி ஒரு உருண்டை பிதுங்கி வந்தது. அதன் பின்னாலேயே, சட்டத்துக்குள் நின்றிருந்த பழுப்புத் தண்ணீர் ஒழுகி வந்து ஷவர் தொட்டிக்குள் ஓடியது.

தொட்டிக்குள். வெளியே இல்லை.

அவள் ஊசியைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அடுத்த துளையைக் குத்தினாள். அடுத்தது. அடுத்தது. நாலும் திறந்தன. ஒரு குவளைத் தண்ணீரைச் சட்டத்தில் ஊற்றினாள். நாலு துளை வழியாகவும் சமத்தாகத் தொட்டிக்குத் திரும்பிப் போயிற்று. இன்னொரு குவளை. வெளியே ஒரு சொட்டு வரவில்லை.

கதவில் படுகிற தண்ணீர் இந்தச் சட்டத்தில் இறங்கி, இந்தத் துளைகள் வழியாகத் தொட்டிக்குப் போக வேண்டும். அதற்குத்தான் வண்டி கட்டினவன் துளையே வைத்திருக்கிறான். துளையை அடைத்தால் சட்டம் நிறையும், நிறைந்தால் வெளிப்பக்கம் வழியும். காக்கைக் குளியல் குளிப்பவனுக்குச் சட்டம் நிறையாது, காகிதமும் நனையாது. மனுஷியாகக் குளிப்பவளுக்கு நிறையும், நனையும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

அடைத்தது யார் என்பதற்கு அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவள்தானே டார்ச் பிடித்தாள். போன வருடத்துக்கு முந்தின வருடம், குளிர்காலத்துக்குத் தெற்கே கிளம்புவதற்கு முன், உள்ளேயும் வெளியேயும் இரட்டைப் பாதுகாப்பு என்று டுவெய்ன் இதே இடத்தில் குப்புறப் படுத்துப் பூசினான். "இந்த ஓட்டையெல்லாம் எதுக்காவது வச்சிருப்பாங்களோ?" என்று அவள் கேட்டாள். "ஓட்டைன்னா ஒழுகும் மார்லிஸ், ஒழுகினா அடைக்கணும். டார்ச்சை ஆட்டாமப் பிடி," என்றான் அந்த மேதாவி.

"டுவெய்ன்! இங்க வா!"

"பசை காயுது!"

"காயட்டும், வா!"

வந்தான். அவள் நாலு உருண்டையையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் காட்டினாள். அவன் முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. தெரிந்துவிட்டது அவனுக்கு. முழுசாகத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறந்து அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"கம்பெனிக்காரன் மடப்பய."

"கம்பெனிக்காரனா? நீ அடைச்சே. நான் டார்ச் பிடிச்சேன்."

"எனக்கு ஞாபகமில்ல."

"எனக்கு இருக்கு. ரெண்டு வருஷமாத் துண்டைத் தூக்கிட்டு அலைஞ்சேனே, அந்த ஒவ்வொரு நாளும் ஞாபகம் இருக்கு."

"சரி சரி, இப்பத்தான் எடுத்தாச்சுல்ல? தண்ணி சரியாப் போகுதுல்ல? அதோட விடு. வெளிய அத்தனை பேர் உக்காந்திருக்காங்க, இதை ஒரு விஷயமாக்காதே." குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவளைக் கேலி பண்ணும்போது அத்தனை பேர் வேண்டியிருந்தது. இப்போது அத்தனை பேர் இருக்கிறார்களாம். மார்லிஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புதுப் பட்டையை அளந்து வெட்டிச் சொருகினாள். கோணாமல் மாட்டினாள். கதவை மூடிப் பார்த்தாள். கச்சிதம். இப்போதே குளித்துவிடலாம், யார் தடுப்பது? ஆனால் குளியலா பெரிசு? அந்த வட்டத்தில் வைத்து அவள் தலையில் ஏற்றிய பழி அந்த வட்டத்திலேயே இறங்க வேண்டும். அவன் வாயால் இறங்க வேண்டும். அது வரைக்கும் அவள் மேல் தண்ணீர் படாது.

நாலு மணிக்கு வட்டம் கூடியது. மார்லிஸும் தன் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டாள். ஸ்லைடு வேலையை எல்லாரும் புகழ்ந்தார்கள். வெண்டெல் பீரைத் தூக்கிக் காட்டி, "டுவெய்ன் கை வச்சா கடல்கூட உள்ள வராதுப்பா," என்றான். டுவெய்ன் சாஸேஜை மென்றுகொண்டே மார்லிஸைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும், இவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் தான் முந்திக்கொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அதை விடுங்க," என்றான். "இன்னிக்கு நம்ம ஷவர் மர்மத்தைக் கண்டுபிடிச்சிட்டேன். வண்டி கட்டினவன் தண்ணி போற துளையை எல்லாம் சிலிகான் போட்டு அடைச்சு வச்சிருக்கான், முட்டாள். எல்லாத்தையும் குத்தி எடுத்தாச்சு. நாளையிலேர்ந்து நம்ம ஏரிக்கு உள்ளயே குளிக்க அனுமதி!"

எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டினார்கள்! அயோவாக்காரன், "ஏரி, அப்ப மணல் கடிகாரத்தை மறக்காம மாட்டிக்கோ," என்றான்.

கண்டுபிடித்தது அவனாம். குத்தி எடுத்தது அவனாம். அதோடு அனுமதி வேறு! மார்லிஸ் எழுந்தாள். அவள் பேசுவதற்குள் வேறொரு குரல் கேட்டது.

"ஒரு சந்தேகம், டுவெய்ன்."

ஆர்டிஸ். அந்த வட்டத்தில் அவள் சிரித்துத்தான் கேட்டிருக்கிறார்கள், கேள்வி கேட்டுக் கேட்டதில்லை. மடியில் இருந்த தட்டைத் தரையில் வைத்தாள்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இதே இடத்துல உக்காந்து, ஷவர் சட்டத்துல உள்பக்கமும் பூசணும், ஓட்டை ஒண்ணு விடாம அடைக்கணும்னு நீ எங்க வெண்டெலுக்குப் பாடம் எடுத்தியே. அவரும் அன்னிக்கே வந்து அடைச்சாரே. எங்க வண்டியில அடைச்சதும் கம்பெனிக்காரன்தானா?"

வெண்டெல் பீரைக் கீழே வைத்தான்.

"ஆர்டிஸ், இதெல்லாம் இங்க எதுக்கு?" என்றான் வெண்டெல்.

"வேற எங்க பேசறது? எங்க தரையும் அமுங்குது. உனக்குக் குளிக்கத் தெரியலைன்னு நீ என்னைச் சொல்லலை? நானும்தான் துண்டைத் தூக்கிட்டு அங்க போறேன். தண்ணி சூடா வருதுன்னு வாய் கூசாமப் பொய் சொல்லிட்டுப் போறேன். அங்க என்னிக்காவது தண்ணி சூடா வந்திருக்கா?"

மார்லிஸ் அவளையே பார்த்தாள். அவளுக்கு வந்த ஆத்திரம் டுவெய்ன் மேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

"அப்ப நீயும்? எனக்கு அந்தக் கடிகாரத்தைக் குடுத்தப்ப எல்லாரையும் விட நீதானே ஆர்டிஸ் விழுந்து விழுந்து சிரிச்சே?"

"ஆமா, சிரிச்சேன்," என்றாள் ஆர்டிஸ். "சிரிக்காம இருந்தா எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்திருப்பாங்க."

மார்லிஸுக்கு ஆத்திரம் அப்படியே தரையில் இறங்கிப் போயிற்று. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அயோவாக்காரன் மனைவி தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தான். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறுதான்.

டுவெய்ன் காபி ஆறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு எழுந்தான். "உக்காரு," என்றாள் மார்லிஸ். அவன் உட்கார்ந்தான். கொக்கி ஊசி அவள் சட்டைப் பையிலேயே இருந்தது. "வா ஆர்டிஸ்," என்றாள்.

ஆர்டிஸின் வண்டியில் நாலு துளைகளையும் திறக்கக் காபி கலக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதே வெள்ளை உருண்டை, அதே பழுப்புத் தண்ணீர். ஆர்டிஸ் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் இப்பவே குளிக்கப்போறேன்," என்றாள்.

"குளி. எவன் வர்றான்னு நான் பாக்கறேன்."

மார்லிஸ் அந்த வண்டியின் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் வட்டம் முழுசாகத் தெரியும். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முதலில் வெண்டெல் வந்தான்.

"என்ன பண்றா உள்ள?"

"குளிக்கிறா."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அவளுக்குப் போதும்னு தோணுற வரைக்கும். உனக்கென்ன அவசரம்? அவசரம்னா பொதுக் குளியலறை திறந்துதான் இருக்கு."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனான். கொஞ்சம் கழித்து டுவெய்ன் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வயதான ஆள், பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்துத்தானே இவ்வளவு தூரம் வந்தது?

"மார்லிஸ், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"தானா நடந்துச்சா?"

அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான்தான் அடைச்சேன்," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"அது எனக்குத் தெரியும். நான் டார்ச் பிடிச்சவ. எனக்கு எதுக்குச் சொல்றே? தெரியாதவங்க அங்க உக்காந்திருக்காங்க பாரு. என்னை எங்க வச்சு ஏரின்னியோ, அங்க போய்ச் சொல்லு."

"மானம் போயிரும், மார்லிஸ்."

"ரெண்டு வருஷமா எனக்கு இருந்ததுக்குப் பேர் என்ன?"

அவன் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டான். திரும்பினான். சரளைக்கல்லில் மெதுவாக நடந்து போய் நாற்காலிகளுக்கு நடுவில் நின்றான். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் வாய் அசைந்தது. முனகல் மாதிரி என்னவோ வந்தது.

மார்லிஸ் படிக்கட்டில் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள்.

"காதுல விழல, டுவெய்ன்! சத்தமாச் சொல்லு!"

அவள் தலைக்கு மேலே, குளியலறையின் கூரைத் திறப்பு வழியாக, நீராவியோடு ஆர்டிஸின் குரல் வந்தது.

"எனக்கும் விழல!"